கோட்டை மாதா கோயிலும் நம்ம ஊர்க் கல்லும்

(வேப்பனப்பள்ளியில் நடந்த முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் பேசும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அண்ணே, பாரம்பரியக் கட்டடம் பற்றிப் பேசுங்க. ஆனா தஞ்சாவூர், மாமல்லபுரம் வேண்டாம். எல்லாரும் பேசியாச்சு" என்றார். சரி, நான் முப்பது வருஷத்துக்கு மேலே செங்கல்லோடும் சுண்ணாம்போடும் காலம் தள்ளியவன். எனக்குப் பிடித்த ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம். நம்ம பேச்சு வழக்கில் சொன்னால் கோட்டை மாதா கோயில்.

இங்கே உடனே ஒரு கேள்வி வரும். பக்கத்திலேயே பெங்களூரு இருக்கு, 1808-ல் ஆரம்பித்த செயின்ட் மார்க் தேவாலயம் இருக்கு, அதை விட்டுட்டு ஏன் மெட்ராஸ்? காரணம் இரண்டு. ஒன்று, சூயஸுக்குக் கிழக்கே ஆங்கிலத் திருச்சபைக்காரர்கள் கட்டிய கோயில்களில் இன்றும் நிற்பவற்றில் இதுதான் பழையது என்று சொல்வார்கள். இரண்டாவது, அதற்கும் நம்ம பாராமகால் சீமைக்கும் உள்ள தொடர்பு. அது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் 'பாரிஷ்' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோயில், அதற்கு ஒரு எல்லை. அந்த எல்லைக்குள் பிறந்தவனுக்கு ஞானஸ்நானம், கல்யாணம், கடைசியில் புதைக்க இடம், எல்லாம் அந்தக் கோயிலில். அதோடு விடவில்லை. ஏழைகளுக்குப் பணம் கொடுப்பது, அநாதைப் பிள்ளைகளைப் பார்ப்பது, பதிவேடு வைப்பது, இதெல்லாமும் கோயில் வேலை. கணக்கு வழக்கைப் பார்க்க ஊர்க்காரர்களிலேயே இரண்டு பேரை வைப்பார்கள். நம்ம ஊர் தர்மகர்த்தா மாதிரி. சபை கூடிப் பேசுகிற அறைக்கு 'வெஸ்ட்ரி' என்று பேர். அந்தச் சபைக்கும் அதே பேர்தான். ஆக, நம்ம கிராமத்தில் மாரியம்மன் கோயில் திண்ணை எப்படியோ அப்படி. இந்த ஏற்பாட்டை அப்படியே கப்பலேற்றிக் கொண்டுவந்து சோழமண்டலக் கடற்கரையில் இறக்கியதுதான் புனித மேரி தேவாலயம்.

கோட்டை எழுந்தது 1640 வாக்கில். ஆனால் அதற்கப்புறம் நாற்பது வருஷம் கோட்டைக்குள் தனியாக ஒரு ஆங்கிலக் கோயில் கிடையாது. கவர்னர் மாளிகையில் ஒரு அறையில் ஜெபம் நடக்கும். கம்பெனிக்காரர்கள் வியாபாரிகள் அல்லவா! கோயில் கட்டினால் என்ன லாபம்? காசு தரமாட்டோம் என்பதுபோல லண்டன் இருந்தது. 1678-ல் கவர்னராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் என்பவர் லண்டனைக் கேட்கவில்லை. கோட்டையில் இருந்தவர்களிடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டி வசூல் செய்தார். சேர்ந்தது 805 பகோடா. தம்பிகளே, டீக்கடையில் தின்கிற பகோடா இல்லை. (சிரிப்பு) அது பொன் நாணயம், நாம் வராகன் என்போமே, அது. அந்த வருஷம் மார்ச் 25, மேரிமாதாவுக்குரிய நாளில் வேலையைத் தொடங்கினார்கள். அதனால்தான் மேரி பெயர். 1680 அக்டோபர் 28-ம் தேதி திறப்பு விழா. பாதிரியார் ரிச்சர்ட் போர்ட்மன் நடத்தினார், துப்பாக்கி வேட்டும் பீரங்கி வேட்டும் போட்டார்கள். மறுவருஷமே மாஸ்டரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்! கோயில் நின்றுவிட்டது, கட்டியவருக்கு உத்தியோகம் போயிற்று. நம்ம ஊரில் நன்கொடை வசூல் செய்தவர்களுக்கு இது புதிதில்லை.

இனி கட்டடத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகத்தான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீளம் 86 அடி, அகலம் 56 அடி. பெரிய கட்டடம் இல்லை. நம்ம கல்யாண மண்டபங்கள் இதைவிடப் பெரிது. ஆனால் வெளிச்சுவர் நாலு அடி கனம். கூரை இரண்டு அடி கனம். கூரையிலே ஒரு உத்திரம் கிடையாது, மரச் சட்டம் கிடையாது. மரம் என்று பார்த்தால் கதவு, சன்னல், உள்ளே போட்ட பெஞ்சு, மேற்குப் பக்கத்து மாடம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். கூரை எப்படி நிற்கிறது? கூண்டு வண்டி பார்த்திருக்கீங்க இல்லையா? நம்ம தாத்தா காலத்தில் குப்பம் சந்தைக்குப் போன வண்டி. அந்தக் கூண்டை மூங்கிலுக்குப் பதில் செங்கல்லில் கட்டினால் எப்படி இருக்கும்? அப்படி மூன்று கூண்டு பக்கத்தில் பக்கத்தில். நடுக்கூண்டுதான் சபை கூடும் இடம், இரண்டு பக்கமும் துணைக்கூண்டு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வளைவுக் கூரை என்பது கீழே மட்டும் அழுத்தாது, இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். கூண்டை மேலேயிருந்து கையால் அழுத்தினால் கால் விரிகிறது பாருங்கள், அது மாதிரி. அந்தத் தள்ளுவிசையை யார் தாங்குவது? நடுக்கூண்டு வெளியே தள்ள, பக்கத்துக் கூண்டு உள்ளே தள்ள, இரண்டும் சமன். கடைசியில் வெளிப்பக்கம் மிஞ்சுகிற தள்ளலை நாலு அடி சுவர் வாங்கிக்கொள்கிறது. செங்கல்லுக்கு நசுக்கத் தெரியும், இழுக்கத் தெரியாது என்று எங்கள் வாத்தியார் சொல்வார். அதாவது நசுக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். வளைவு முழுக்க நசுக்குதான், இழுப்பே இல்லை. இரும்புக் கம்பி ஒரு முழம் இல்லாமல் மூன்றரை நூற்றாண்டு நெருங்குகிறது.

ஏன் இவ்வளவு கனம்? இதைக் கணக்குப் போட்டவர் கட்டடக் கலைஞர் அல்ல, கோட்டையின் பீரங்கிப் படைத் தலைவர் என்பது வழிவழியாகச் சொல்வது. கட்டடத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. குண்டு கூரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக் கட்டியவன் கை அது. மரம் இருந்தால் தீப்பிடிக்கும், கரையான் அரிக்கும், கடல் காற்றில் உளுத்துப்போகும். மூன்றுக்கும் ஒரே பதில், மரமே வேண்டாம். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைச் சுற்றி வளைத்தார். 1759 பிப்ரவரி வரை முற்றுகை. கோட்டைக்குள் பல கட்டடங்கள் சிதைந்தன. கோயில் நின்றது.

கோபுரம் பற்றி நாலு வார்த்தை போதும். அது பிற்சேர்க்கை. 1701-ல் கோபுரம், 1710-ல் அதன் மேல் கூம்பு, அப்புறம் 1795-ல் அந்தக் கூம்பை மாற்றி இப்போது இருக்கும் வடிவத்தில் கட்டினார்கள். படம் எடுப்பவர்கள் எல்லாம் அதைத்தான் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் உள்ளே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். அதுதான் கட்டடம்.

அடுத்தது பூச்சு. மெட்ராஸ் சுண்ணாம்பு என்றால் ஒரு காலத்தில் உலகப் பேர். வெள்ளைக்காரர்கள் சுவரைத் தொட்டுப் பார்த்து இது சலவைக்கல்லா என்று கேட்பார்களாம். கடற்கரைக் கிளிஞ்சலைக் காளவாயில் போட்டுச் சுடுவார்கள். தண்ணீர் விட்டு நீற்றுவார்கள். சலித்த மணலோடு சேர்த்து வட்டப் பள்ளத்தில் கல் உருளை ஓட்டி, மாடு கட்டி அரைப்பார்கள். வெல்லத் தண்ணீர் விடுவார்கள், கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் விடுவார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கரு, தயிர், நெய் என்று ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒவ்வொரு பக்குவம். மூன்று கை பூசி, ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லை வைத்து மணிக்கணக்காகத் தேய்ப்பார்கள். மாக்கல் பொடி தூவித் தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறும். தேய்ப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை என்று என்னோடு வேலை பார்த்த பெரிய கொத்தனார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கடுக்காய் நம்ம மலைக்காட்டில் விளைகிற சரக்கு. கைப்பக்குவம் தமிழ்க் கொத்தனாருடையது. செங்கல் இந்த மண். வரைபடத்தில் வேண்டுமானால் லண்டன் இருக்கலாம், சுவரில் கை வைத்தால் அது நம்ம ஆள் கட்டியது. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். சுவர் முழுக்கப் பெயர்கள். கவர்னர் பேர், ஜெனரல் பேர், வியாபாரி பேர். அந்த வளைவுக்கு முட்டுக் கொடுத்து நின்றவன் பேர் ஒன்றுகூட இல்லை. பெரிய கோயில் கட்டிய சிற்பிகளுக்கே நம்ம நாட்டில் அரிதாகத்தான் பேர் பொறித்தார்கள், அப்புறம் வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லி என்ன?

சரி, கல்லுக்கு வருவோம். கோயிலைச் சுற்றி வெளியே நடந்தால் காலடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைக் கற்கள் பாவியிருக்கும். இலத்தீன், போர்த்துக்கீசு, ஆங்கிலம் என்று பல மொழி எழுத்து. அதில் எலிசபெத் பேக்கர் என்ற அம்மாவின் கல் 1652-ம் வருஷத்தது. கோயிலைவிட 28 வருஷம் மூப்பு. எப்படி? ஏனென்றால் அந்தக் கற்களுக்குக் கீழே ஆளே கிடையாது. கல் மட்டும்தான். இடுகாடு இருந்தது வெளியே, இப்போது உயர்நீதிமன்றத்தை ஒட்டிப் பழைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கிறதே, அங்கே. லாலி முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெரிய சமாதிகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு சுட்டார்கள். இனி இந்த வம்பே வேண்டாம் என்று போர் முடிந்ததும் சமாதிகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் கொண்டுவந்து கோயிலைச் சுற்றிப் பரப்பினார்கள்.

அதோடு அந்தக் கற்களுக்கு நிம்மதி இல்லை. மைசூர் ஹைதர் அலியோடு இரண்டாவது யுத்தம். 1782-ஐ ஒட்டி மறுபடியும் அந்தக் கற்களைப் பெயர்த்தார்கள், கோட்டை மதில் மேல் பீரங்கிக்கு அடித்தளம் போட! பீரங்கி குலுங்காமல் நிற்கப் பட்டைக்கல் வேண்டுமே. ஹைதருக்குப் பயந்து தங்கள் முன்னோர் கல்லறைக் கல்லைத் தூக்கி மதிலில் வைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் நாம் எந்தப் பக்கம்? நம்ம கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஹைதர் கையில். 1791 நவம்பரில்கூடக் கர்னல் மாக்ஸ்வெல் படையோடு வந்து நம்ம மலையில் மோதித் திரும்பிப் போனார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில்தான் பாராமகால் கம்பெனி வசம் போயிற்று.

அந்த 1792-ல் இங்கே வந்தவர்தான் தாமஸ் மன்றோ. காப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைமையில் உதவியாளராக வந்தார். ஏழு வருஷம் இந்தப் பக்கமே சுற்றினார். கிராமம் கிராமமாக நிலத்தை அளந்து, ஜமீன்தார் இல்லாமல் நேரடியாகக் குடியானவனிடம் வரி வாங்கும் முறையை ரீடும் அவரும் இங்கேதான் பழகிப் பார்த்தார்கள். ரயத்துவாரி என்பது அது. உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பட்டாவுக்கு மூலம் அங்கே இருக்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்று பட்டிமன்றம் வைத்தால் நான் இரண்டு பக்கமும் பேசுவேன். குடியானவன் மொழியைக் கற்று அவனிடமே நேரில் பேசினார், அது உண்மை. வரி கனமாக இருந்தது, அதுவும் உண்மை. பின்னால் 1820-ல் மெட்ராஸ் கவர்னர் ஆனார். ஊருக்குத் திரும்பும் முன் பழைய ஜில்லாக்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனவர், 1827 ஜூலை 6-ம் தேதி பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். கூத்தியில் புதைத்தார்கள். 1831-ல் அங்கிருந்து எடுத்துவந்து இந்த மாதா கோயிலுக்குள் வைத்தார்கள். தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் அங்கவடி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மனிதர் உறங்குவது அங்கே அல்ல, இந்தக் கூண்டுக் கூரைக்குக் கீழே.

இன்னொருவர், சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மானியர், தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருந்தவர், தமிழில் பேசுவார், எழுதுவார். 1779-ல் ஹைதர் அலியிடம் சமாதானம் பேச இவரைத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அவருக்கும் இங்கே ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் இருக்கிறது, ஜான் பேக்கன் என்ற சிற்பி செய்தது. 1753 பிப்ரவரி 18-ல் ராபர்ட் கிளைவுக்கு இந்தக் கோயிலில் கல்யாணம் நடந்ததே, நடத்தி வைத்தவர் யார் தெரியுமா? பப்ரிசியஸ். பைபிளைத் தமிழாக்கினாரே, தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தாரே, அவர்தான். தமிழ் படிக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது கல்லூரிக்காரர்களுக்கு வேண்டிய சங்கதி. இந்தக் கோயிலின் முதல் கல்யாணம் 1680 நவம்பர் 4-ல். மாப்பிள்ளை எலிஹு யேல். பின்னால் 1687 முதல் 1692 வரை கவர்னர். அவர் 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பேல் சரக்கும், 417 புத்தகமும், ராஜாவின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அந்தக் கல்லூரிக்கு யேல் என்று பேர் வைத்துவிட்டார்கள்! நம்ம சங்கப் பொருளாளர் கவனிக்க வேண்டும். (சிரிப்பு) ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் வரலாறுதான். மெட்ராஸில் அவர் காலத்தில் அடிமை வியாபாரம் நடந்தது, கப்பலேறிப் போனவர்கள் நம்ம கடற்கரை மக்கள். அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. கட்டடத்தை விரும்புகிறேன் என்பதற்காக அதற்குள் மாலை மாற்றியவர்கள் எல்லாரையும் விரும்ப வேண்டியதில்லை.

கோயிலின் ஞானஸ்நானத் தொட்டியைக் கட்டாயம் பாருங்கள். கருங்கல். பல்லாவரத்துக் கல் என்று சொல்கிறார்கள். 1689 ஆகஸ்டு 19-ல் மேரி, எலிசபெத், காத்தரின் என்று மூன்று பெண் குழந்தைகளுக்கு அதில் ஞானஸ்நானம். அப்பா ஜோப் சார்னாக், அம்மா இந்தியப் பெண். மறுவருஷம் சார்னாக் வங்காளம் போனார், கல்கத்தாவோடு அவர் பேரைச் சேர்த்துச் சொல்வது அதனால். அவர் இறந்தபிறகு கல்லறைக்கு மெட்ராஸ் பக்கத்திலிருந்து அதே மாதிரிக் கருங்கல் போயிற்று. இருநூறு வருஷம் கழித்துத் தாமஸ் ஹாலந்து என்ற புவியியல் அறிஞர் அந்தக் கல்லை ஆராய்ந்து, இந்தப் பாறை வகைக்கு 'சார்னாக்கைட்' என்று பேர் வைத்தார். 1900-ல் அதைப் பற்றிப் பெரிய ஆய்வு வெளியிட்டார். உலகம் முழுக்க இன்று அந்தப் பேர்தான்.

நமக்கு என்ன என்கிறீர்களா? கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பாறை அந்தத் துறையில் பேர்போன பாறை. இங்கே வடக்கே சாதாரண வரிப்பாறை, தெற்கே போகப் போகச் சார்னாக்கைட். ஒன்று மற்றொன்றாக எப்படி மாறுகிறது என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து சுத்தியலோடு வந்து இறங்குகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கனகபுரா அருகே கப்பால்துர்காவும் அப்படி ஒரு இடம். நாமோ அந்தப் பாறையைக் கன அடிக் கணக்கில் லாரியில் ஏற்றுகிறோம். தப்பில்லை, பல குடும்பங்களுக்கு அது சோறு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களிலேயே பாலிஷ் போடும் பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். இந்தப் பக்கத்துக் கல் இன்று எத்தனையோ நாட்டில் கல்லறைக் கல்லாக நிற்கிறது. அப்போதும் போனது, இப்போதும் போகிறது.

இந்தக் கட்டடம் இத்தனை நாள் நின்றதற்குக் கனமான சுவர் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஓசூரில் கெனில்வொர்த் கோட்டை என்று ஒன்று இருந்தது, கேள்விப்பட்டிருப்பீர்கள். சேலம் கலெக்டராக இருந்த பிரெட் துரை இங்கிலாந்துக் கோட்டையைப் பார்த்து அதே மாதிரி கட்டியது. அதுவும் ஆங்கிலக் கட்டடம்தான், அதுவும் நம்ம ஆட்கள் கட்டியதுதான். இன்று இடிபாடு. அது ஒரு மனிதனின் ஆசை. அவர் போனார், கேட்க ஆள் இல்லை. மாதா கோயிலுக்கு வெஸ்ட்ரி இருந்தது. 1680-லிருந்து பதிவேடு இருந்தது. ஏழைகளுக்கென்று ஒரு நிதி வைத்து, அதை வட்டிக்கு விட்டுப் பெருக்கினார்கள். 1715-ல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அதன் வழி வந்ததுதான் இன்று சென்னையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் ஆங்கிலோ-இந்தியப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆள் வந்தார்கள். ஒழுகினால் உடனே ஒருவன் பார்ப்பான், ஒருவன் திட்டுவான், ஒருவன் சரிசெய்வான். எந்தப் பழைய கட்டடத்துக்கும் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

பழுது பார்ப்பதிலும் ஒரு விஷயம். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசுகிறார்களே, அது கூடவே கூடாது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். சுவருக்குள் போன ஈரம் அதன் வழியே வெளியே வந்துவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து மாவாக உதிரும். மேலே பார்த்தால் சுவர் புதுசு போல இருக்கும், தட்டினால் உள்ளே பொத்தல். நம்ம பக்கத்துப் பழைய கோயில், மசூதி, சர்ச், சத்திரம் எல்லாவற்றிலும் இந்த வேலை நடக்கிறது. பக்தியோடு செய்கிறார்கள், அதுதான் வேதனை. ஒரு மூட்டை சிமென்ட் வாங்கிக் கொடுப்பதற்குமுன் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஒரு பெரியவர் ஊரில் மிச்சம் இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால், இங்கே கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் அவரிடம் போய் உட்காருங்கள். புத்தகத்தில் விகிதம் இருக்கும், கை விரலுக்குத் தெரிகிற பதம் இருக்காது.

மாதா கோயிலில் கல்லறைக் கல்லுக்குக் கீழே ஆள் இல்லை என்றேன். நம்ம ஊரில் கதை வேறே. இந்த ஜில்லா முழுக்க நடுகல். ஏரிக்கரையில், வயல் வரப்பில், ஊர் எல்லையில். மாடு மீட்டுச் செத்தவன், புலி குத்திச் செத்தவன், ஊருக்காகச் சண்டையில் விழுந்தவன். மல்லசந்திரம் பக்கம் போனால் கல்திட்டைகள், அவை இன்னும் பழையவை. எழுத்துள்ள நடுகல்லில் அந்த வீரன் பேரே இருக்கும். கோட்டைக் கோயிலில் கொத்தனார் பேர் இல்லை என்று வருத்தப்பட்டேனே, இங்கே சாதாரண மாட்டுக்காரனுக்கும் பேர் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லின் மேல் துணி துவைக்கிறோம். ரோடு போடும்போது ஜல்லியோடு போகிறது. 1782-ல் பீரங்கிக்குப் பட்டைக்கல் தேடியவர்களாவது போர் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து பாவினார்கள்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பெரிய செலவு இல்லை. மாணவர்கள் இரண்டிரண்டு பேராக வேப்பனப்பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போங்கள். நடுகல் எங்கே இருக்கிறது, எத்தனை அடி உயரம், எந்தப் பக்கம் பார்க்கிறது, எழுத்து இருக்கிறதா, ஊர்க்காரர்கள் என்ன பேர் சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், படம் எடுங்கள். கல்லை நகர்த்தாதீர்கள், எண்ணெய் மஞ்சள் பூசியிருந்தால் சுரண்டாதீர்கள், அது கும்பிடுகிறவர்கள் சொத்து. தெலுங்கு, கன்னட எழுத்தும் வரும், எல்லை ஊர் அல்லவா. அதற்குக் குப்பத்திலும் கோலாரிலும் நம்ம பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் படித்துச் சொல்வார்கள். நோட்டு நிறைந்ததும் ஒரு பிரதியைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கொடுங்கள். 1993-லிருந்து இயங்குகிறது, நடுகற்களை வைத்திருக்கிறார்கள், அங்கே அதன் மதிப்பு தெரியும். முதல் நோட்டுக்கும் பேனாவுக்கும் பணம் நான் தருகிறேன், பொருளாளர் ரசீது மட்டும் போடட்டும்.

மாதா கோயிலைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: கோட்டைக்குள் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள். கோட்டை அருங்காட்சியகம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். கோயிலுக்குள் சென்றால் பெயர்ப்பலகைகளைப் படிக்கும் முன்னால் ஐந்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்து மேலே அண்ணாந்து பாருங்கள். வெளியே மே மாத வெயில் கொளுத்தும்போது உள்ளே இருக்கும் குளிர்ச்சியைப் பாருங்கள், இரண்டு அடிக் கூரை என்றால் என்ன என்று தோலுக்கே தெரியும். மாணவர்கள் இருபது பேர் சேர்ந்தால் ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்யலாம் என்று செயலாளர் தலையாட்டுகிறார். பெயர் கொடுப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைப் பாருங்கள்.